எழுமாற்றுக் கடவுச்சொல்லும் நம் நெடுங்கணக்கும்

வீட்டுக்குப் பூட்டும் திறப்பும் போலக் கணினிக்குக் கடவுச்சொல் அமைந்தது. பூட்டைச் செய்பவன் கொல்லன். கடவுச்சொல்லைச் செய்பவனோ அதனைப் பயன்படுத்துவோனே. இடர் அங்கேதான் தொடங்குகின்றது. மனிதன் தான் மறவாத சொல்லைத் தேடுகின்றான். அவன் மறவாத சொல் பிறன் ஊகிக்கத்தக்க சொல்லாயிருத்தல் இயல்பு. 1979ஆம் ஆண்டிலே பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த றொபேட் மொறிஸ், கென் தொம்சன் என்னும் இருவர் தாம் திரட்டிய 3,289 கடவுச்சொற்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவற்றுள் 2,831, அஃதாவது நூற்றுக்கு 86, மிகக் குறுகியனவாகவோ அகராதியிலும் பெயர்ப்பட்டியலிலும் காணத்தக்கனவாகவோ இருந்தன. முப்பது ஆண்டு கழிந்து 2009இல் றொக்யூ என்னும் நிறுவனத்திலிருந்து 3 கோடி 20 இலட்சம் கடவுச்சொற்கள் களவுபோயின. அவற்றுள் மிகப் பலர் வைத்திருந்தது ஒன்று முதல் ஆறு வரையான இலக்கங்களின் வரிசை!

நம்மவர் வழக்கமும் வேறன்று. யான் அறிந்த ஒரு சங்கத்தின் மின்னஞ்சலுக்குப் பாடசாலையின் பெயரும் அது தோன்றிய ஆண்டும் சேர்ந்து கடவுச்சொல்லாய் இருந்தன. வாயிலிலுள்ள பெயர்ப்பலகையை வாசிக்கத் தெரிந்த எவனும் அதனைத் திறந்திருக்கலாம். அச்சங்கத்தார் கனடாவிலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் இருந்து பணம் அனுப்புவோர். எந்த வங்கிக் கணக்குக்கு அனுப்புவது என்பதை அவர்களுக்கு அறிவிப்பது அம்மின்னஞ்சலே. உட்புகுந்த ஒருவன் கணக்கிலக்கத்தில் நான்கு இலக்கத்தை மாற்றி எழுதினால், எழவேண்டிய வகுப்பறை ஒன்று பிறன் பைக்குட் போய்விடும்.

தெரிவைத் தன் கையினின்றும் விடுவித்துப் பொறியிடம் ஒப்படைப்பதே இதற்கு மருந்து. அப்பொறியும் பக்கஞ் சாராது தெரிதல் வேண்டும். அத்தகைய சிறு செய்நிரல் ஒன்றை ஆக்கும் முறையை, உயர்தர வகுப்பு மாணவரையும் ஓய்வுநேரத்தில் இவற்றைப் பயில விரும்பும் பழைய மாணவரையும் கருதி ஈண்டு எழுதுகின்றேன். தமிழாசிரியன் ஒருவனுக்கு இதில் என்ன அலுவல் என வினவுவோர் சற்றுப் பொறுத்தல் வேண்டும். அரிவரியிலே கற்ற நெடுங்கணக்கு இப்பாடத்தின் நடுவே தானாக வந்து நிற்கும்.

யான் எடுத்துக்கொண்ட மொழி ரஸ்ட். ஆங்கிலத்திலே இச்சொல் இரும்பின் துருவையும் பயிரிற் பற்றும் துருப்பூஞ்சையையும் குறிக்கும். 2006ஆம் ஆண்டிலே இம்மொழியைத் தொடங்கிய கிறேடன் ஹோர் எளிதில் அழியாத அப்பூஞ்சையை எண்ணியே பெயரிட்டார். முதலாம் பதிப்பு 2015 மே 15ஆந் திகதி வெளிவந்தது. 1972 அளவிலே டெனிஸ் றிச்சி ஆக்கிய சி மொழியைப் போல இதுவும் பொறியின் நினைவகத்தோடு நேரே தொழில்செய்வது. ஆயின், சி மொழியில் எழுதுவோன் தனக்கு ஒதுக்கிய இடத்துக்கு அப்பால் எழுதினும் மொழி வாளாவிருக்கும். ரஸ்ட் அங்ஙனம் விடாது. ஒவ்வொரு பொருளுக்கும் உடையவன் ஒருவனே. மற்றொருவன் அதனைத் திருத்தும் உரிமையோடு இரவலாகப் பெற்றிருக்குங் காலத்தில் உடையவனும் அதனைத் தொடல் ஆகாது. ஒற்றிக்கு வைத்த காணியின் நிலையை அறிந்தவர்க்கு இவ்விதி புதிதன்று. உறுதி ஒருவர் பெயரில் இருக்கும்; விளைவை எடுப்பவர் வேறொருவர்; மீட்குமளவும் உரியவர் வேலிக்கு வெளியே நிற்பார்.

இனித் தொழிலுக்கு வருவோம். நமது செய்நிரலுக்குச் சாளரமும் பொத்தானும் வேண்டா. முனையத்தில் அதன் பெயரை எழுதி, பக்கத்தில் எத்தனை எழுத்து வேண்டும் என்பதையும் எழுதினால், கடவுச்சொல் ஒன்றை அடுத்த வரியில் அது தரல் வேண்டும். அவ்வளவே. 'கார்கோ நியூ' என்னுங் கட்டளை புதிய அடைவையும் அதனுள் ஒரு தொடக்கக் கோப்பையும் அமைத்துத் தரும். கட்டளை வரியில் எழுதியவற்றைச் செய்நிரல் ஒரு நிரையாகப் பெறும். அந்நிரையில் முதலில் நிற்பது செய்நிரலின் பெயரே யாதலின், நாம் தந்த எண் இரண்டாவதாய் நிற்கும். அதுவும் எண்ணாக வருவதில்லை, எழுத்தாகவே வரும். 9 என்று எழுதவேண்டியவன் 'ஒன்பது' என்று எழுதிவிடவுங் கூடும். ஆகையால் அதனை எண்ணாக மாற்றும் முயற்சியின் பயனை ரஸ்ட் இருவகையாகப் பகுத்துத் தருகின்றது: நன்றாயின் எண், தவறாயின் தவற்றின் விபரம். இரண்டாம் வகைக்கு யாது செய்வது எனச் சொல்லாமல் அப்பயனை எண்ணாகக் கொள்ள முற்பட்டால் தொகுப்பான் செய்நிரலை ஏற்க மறுக்கும். மாணவர் முதலில் இதனைத் தொல்லையாகக் கருதுவர். அத்தொல்லைக்காகவே யான் இம்மொழியை விரும்புகின்றேன்.

அடுத்து வேண்டுவது எழுமாற்று எண்களின் ஊற்று. லினக்ஸ் முறைமையில் 'டெவ்' என்னும் அடைவினுள் 'யூரேண்டம்' என்றொரு கோப்பு உண்டு. அது வட்டில் எழுதிவைத்த கோப்பன்று. சாதனங்களின் நிகழ்ச்சிகளுக்கு இடையேயுள்ள நுண்ணிய நேர வேறுபாடு முதலியவற்றைத் திரட்டி, கேட்குந்தோறும் புதிய பைற்றுக்களைப் பணிசெயல் முறைமையே அதன்வழி வழங்குகின்றது. சாதாரண கோப்பைப் போலத் திறந்து, ஒரு பைற்று அளவான அணியில் வாசித்துக்கொண்டால் 0 முதல் 255 வரையுள்ள எண்களுள் ஒன்று கிடைக்கும். விண்டோஸ் முறைமையில் இக்கோப்பு இல்லை. அங்கே 'கெற்ரேண்டம்' என்னும் புற நூலகத்தைச் சேர்த்துக்கொள்க.

சிலர் மணிக்கூட்டின் செக்கனை வித்தாக வைத்து எண்களைப் பிறப்பிப்பர். ஒரு நாளுக்குச் செக்கன்கள் 86,400 மாத்திரமே. கடவுச்சொல் எந்நாளில் ஆக்கப்பட்டது என்பதை அறிந்தவன் 86,400 முறை முயன்றால் முடிந்தது. பெரியோரும் இவ்விடத்திற் சறுக்கியதுண்டு. டெபியன் என்னும் லினக்ஸ் வெளியீட்டில் 2006 செப்டெம்பரிலே மறைகுறியாக்க நூலகத்திலிருந்து ஒரு வரி நீக்கப்பட்டது. அதன் பயனாக எழுமாற்றுக்கு எஞ்சியது செயல்முறையின் வரிசையிலக்கம் ஒன்றே. 2008 மே மாதம் இது வெளிப்படுமளவும், அங்கே பிறந்த திறவுகோல்கள் ஒவ்வொரு வகையிலும் 32,767 என்னும் எல்லைக்குள்ளேயே அடங்கின. பார்வைக்கு அவை ஒவ்வொன்றும் நெடியதாயும் விளங்காததாயுமே இருந்தன. கடுமையான தோற்றம் காவலாகாது; எத்தனையுள் ஒன்றாக அது தெரியப்பட்டது என்பதே காவல்.

இனி எழுத்துக்களைத் தெரிவோம். ஆங்கிலத்திற் சிற்றெழுத்து 26, பேரெழுத்து 26, இலக்கம் 10, ஆக 62. இவற்றுள் சிறிய எல், பெரிய ஐ, ஒன்று என்னும் மூன்றும், பெரிய ஓ, பூச்சியம் என்னும் இரண்டும் தாளில் எழுதிப் படிக்கும்போது மயக்கந் தருவன. ஐந்தையும் விலக்கினால் 57 நிற்கும். தமிழிலோ எழுத்து 247. இங்கும் மயக்கம் உண்டு: ஔகார வரிசையை நோக்குக. 'கௌ' என்பதற்கும், ககர எகரத்தின் பின் ளகரம் நின்ற 'கெள' என்பதற்கும் தோற்றத்தில் வேற்றுமை காண்பது அரிது. ஔ ஒன்றும் அதன் உயிர்மெய் பதினெட்டுமாகிய 19 எழுத்தை விலக்கினால் 228 நிற்கும்.

57ஐ நான்காற் பெருக்கின் 228. இவ்வொற்றுமை தற்செயலானதே, எனினும் நம் செய்நிரலுக்கு அது பெரிதும் உதவுகின்றது. காரணம் கூறுவேன். நமக்குக் கிடைக்கும் பைற்று 256 மதிப்புக்களுள் ஒன்று. அதனை 228 எழுத்துக்கு மாற்றப் பலரும் செய்வது, 228ஆல் வகுத்து மீதியைக் கொள்வது. அங்ஙனஞ் செய்தால் 228 முதல் 255 வரையுள்ள 28 மதிப்புக்களும் மீண்டும் முதல் 28 எழுத்துக்களுக்கே போய்ச்சேரும். அவ்வெழுத்துக்கள் மற்றவற்றைப்போல் இருமடங்கு வாய்ப்புப் பெறும். 57 எழுத்தாயினும் முதல் 28 எழுத்துக்களுக்கு ஐந்து வாய்ப்பும் ஏனையவற்றுக்கு நான்கும் அமையும். இது பக்கச்சார்பு. தீர்க்கும் வழி எளிது: 228 அல்லது அதற்கு மேற்பட்ட மதிப்பு வந்தால் எறிந்துவிட்டு மீண்டும் ஒரு பைற்றை வாசித்தல். ஏறக்குறைய ஒன்பது முறைக்கு ஒருமுறை எறிய நேரும். அதனால் வரும் தாமதத்தை எவரும் உணரார். மேற்கூறிய பொருத்தத்தால் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இந்த ஒரே சோதனை போதும். எறிந்தபின் எஞ்சிய எண்ணைத் தமிழாயின் அப்படியே கொள்க. ஆங்கிலமாயின் 57ஆல் வகுத்து மீதியைக் கொள்க.

அவ்வெண்ணிலிருந்து தமிழெழுத்தை ஆக்குவதே இப்பாடத்தில் எனக்கு மிக உவப்பான பகுதி. 228 எழுத்தையும் ஒவ்வொன்றாக எழுதி அடுக்கவேண்டியதில்லை. 0 முதல் 10 வரை உயிர், 11 ஆய்தம், 12 முதல் 29 வரை மெய், 30 முதல் 227 வரை உயிர்மெய். உயிர்மெய்யாயின் முப்பதைக் கழித்துப் பதினொன்றால் வகுக்க. ஈவு மெய்யைக் காட்டும்; மீதி உயிரைக் காட்டும். 100 வந்ததெனக் கொள்வோம். முப்பதைக் கழிக்க 70. வகுக்க ஈவு 6, மீதி 4. பூச்சியம் முதலாக எண்ணின் ஆறாவது மெய் த், நான்காவது உயிர் உ. ஆகவே 'து'. உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் பிறக்கும் என்று இலக்கண வகுப்பிலே நாம் சொல்வதை வகுத்தற்கணக்கு இங்கே செய்துகாட்டுகின்றது.

ஆனால் யூனிக்கோட் குறிமுறை நம் இலக்கணத்தைப் பின்பற்றவில்லை. நமக்கு த் என்பது முதல். அதனோடு அகரஞ் சேரத் 'த' ஆகும். யூனிக்கோட்டிலோ 'த' முதல். அதனோடு புள்ளி சேரத் 'த்' ஆகும். எனவே உயிர்க்குறிகளின் அணியில் அகரத்துக்குரிய இடத்தை வெறுமையாக விடுதல் வேண்டும். இக்குறிமுறை தமிழின் இயல்புக்கு ஒவ்வாதென்று அறிஞர் பலர் குறைகூறினர். 2010இல் தமிழ்நாட்டரசு ஒவ்வோர் எழுத்துக்கும் தனியிடம் வகுக்கும் வேறொரு குறிமுறையையும் யூனிக்கோட்டோடு ஏற்றது. எனினும் உலக வழக்கில் நிலைத்தது யூனிக்கோட்டே. ஆகவே 'யாழ்ப்பாணம்' என்னும் சொல்லை ரஸ்டிடம் கொடுத்து நீளங் கேட்டால் 33 என்னும். அது பைற்றுக்களின் தொகை. குறியீடுகளை எண்ணச் சொன்னால் 11 என்னும். ஆறு எழுத்து என்று சொல்லத் தமிழ் கற்ற பிள்ளை வேண்டும், அல்லது அதற்கென எழுதிய புற நூலகம் வேண்டும்.

வன்மையை ஒப்பிடுவோம். 57 எழுத்துக்களால் பன்னிரண்டு எழுத்துச் சொல் ஆக்கினால் வரக்கூடியவை ஏறக்குறைய 1.2 என்பதைப் பத்தின் 21ஆம் அடுக்காற் பெருக்கிய தொகை. 228 தமிழ் எழுத்தால் ஒன்பதெழுத்துச் சொல் ஆக்கினால் அத்தொகை 1.7 ஆக உயரும். அஃதாவது ஆங்கிலத்திற் பன்னிரண்டு செய்வதைத் தமிழில் ஒன்பது செய்கின்றது. செக்கனுக்கு 100 கோடி முறை முயலும் பொறி இதனை முற்றத் துருவ 50,000 ஆண்டுக்கு மேற் செல்லும். அத்தகைய பொறி நூறு கூடினாலும் 500 ஆண்டு வேண்டும். பத்தாயிரம் பெயர்களோடு நூறு பிறந்த ஆண்டுகளைச் சேர்த்து அதே பொறி முயன்றால் செக்கனில் ஆயிரத்திலொரு பங்கு போதும்.

இதனைக் கண்டு எல்லாக் கணக்கையும் இன்றே தமிழால் பூட்டிவிடலாம் என எண்ணற்க. தமிழெழுத்தை ஏற்காத தளங்கள் பல. கணினி துவங்கும்போது கேட்கப்படும் சொல்லுக்கும் தமிழ் பெரும்பாலும் ஆகாது. அவ்வேளையிலே தமிழ் விசைப்பலகை எழுந்திராது. இன்னுமொரு நுட்பம்: 'கொ' என்னும் எழுத்தை ஒகரக் குறி ஒன்றாலும் எழுதலாம், எகரக் குறியையும் காலையும் அடுத்தடுத்து இட்டும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, பைற்றுக்கள் வேறு. ஒரு பொறியில் ஒருவகையாய் அமைத்த கடவுச்சொல் மற்றொரு பொறியில் மற்றொரு வகையாய்த் தட்டப்பட்டால், உடையவனே வாயிலில் நிற்பான். அமெரிக்கத் தரநிலை நிறுவனம் 2017இல் வெளியிட்ட நெறிமுறை, யூனிக்கோட் எழுத்துக்களை ஏற்கவும், இத்தகைய இரட்டை வடிவங்களை ஒருவழிப்படுத்தவும் தளங்களுக்கு அறிவுறுத்தியது. எல்லாரும் அதனைக் கைக்கொள்வதில்லை. பி-கிரிப்ட் முறையைப் பயன்படுத்தும் இடங்களில் 72 பைற்றுக்கு மேற்பட்ட பகுதி கணக்கில் வாராது என்பதும் நினைவிருக்கட்டும். ஒகர ஓகாரக் குறிகளைப் பிரிக்காது எழுதினால் தமிழில் ஓரெழுத்துக்கு ஆறு பைற்று வரை செல்லுமாதலால், பன்னிரண்டெழுத்தே அங்கு உறுதியான எல்லை. ஆகையால் செய்நிரல் இரு மொழியையும் வைத்திருக்கட்டும். தமிழ் வேண்டுவோன் கட்டளை வரியில் எண்ணின் பின் ஒரு குறிச்சொல்லைச் சேர்த்துக் கேட்கட்டும். இணையத் தளங்களுக்கு ஆங்கிலப் பன்னிரண்டு. தன் சொந்தக் கோப்புக்களுக்கும், சோதித்து உறுதிசெய்த இடங்களுக்கும் தமிழ் ஒன்பது. பிறந்த சொல்லைத் தாளில் எழுதி இரும்புப் பெட்டியில் வைப்பதை யான் குறைகூறேன். திரையில் அது நிற்குமளவும் பின்னால் நிற்பவர் யார் என்று பார்த்துக்கொண்டாற் போதும்.

எழுதிமுடித்த செய்நிரலைச் சோதியாது விடலாகாது. 2,28,000 எழுத்துக்களைப் பிறப்பித்து, ஒவ்வொன்றும் எத்தனை முறை வந்தது என எண்ணுக. நடுநிலை பிழையாதாயின் ஒவ்வோரெழுத்தும் ஆயிரத்தை அண்டி வரும். 900க்குக் கீழோ 1,100க்கு மேலோ போவது மிக அரிது. பின்பு எறியும் வரியை நீக்கி, மீதியை மட்டுங் கொண்டு மறுபடி எண்ணுக. உயிர் பதினொன்றும், ஆய்தமும், க் முதல் ள் வரையுள்ள மெய் பதினாறும் 1,780 அளவில் ஏறி நிற்கும். ற், ன் இரண்டும் உயிர்மெய் அனைத்தும் 890 அளவில் இறங்கும்.