பந்து சோறு போடுமா?

படிப்பும் விளையாட்டும் ஒன்றுக்கொன்று பகை என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். தேர்வு நெருங்கினால் வீட்டில் முதலில் நிறுத்தப்படுவது விளையாட்டுத்தான். "பந்து சோறு போடுமா?" என்று பெரியவர்கள் கேட்பதும் நியாயமே. அதற்கு விடை காண, கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணிகளுக்குப் பல்லாண்டுகள் பயிற்சி அளித்த ஜில் எல்லிஸ் அம்மையாரின் வாழ்க்கையைச் சிறிது ஆராய்வோம்.

இவர் 1966-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தவர். தந்தையார் கால்பந்துப் பயிற்சியாளர். கால்பந்தின் தாயகம் எனப்படும் அந்நாட்டிலேயே, சங்கத்தைச் சேர்ந்த மைதானங்களில் பெண்கள் ஆடக்கூடாதென 1921-ல் தடை விதிக்கப்பட்டது. அது ஏறத்தாழ 50 ஆண்டுகள் நீடித்தது. தடை நீங்கிய பின்னும் சிறுமியருக்கு அணிகள் அரிதாகவே இருந்தன. ஆகவே, ஜில் தம் சகோதரனோடும் பிற சிறுவர்களோடும் பந்து உதைத்து மகிழ்ந்ததோடு சரி.

1981-ல் அவர் குடும்பம் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் குடியேறியது. அங்கே நிலைமை வேறு. அரசின் நிதியுதவி பெறும் கல்வி நிலையங்கள் ஆண், பெண் என்று வேற்றுமை காட்டக்கூடாது என 1972-ல் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. அதன் பயனாகப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பெண்கள் அணிகள் பெருகின. அங்கே சென்ற பிறகுதான் ஜில் முதன்முறையாக ஒரு முறையான அணியில் சேர்ந்து ஆடினார். பின்னர் வில்லியம் அண்டு மேரி கல்லூரி அணியில் சிறந்த ஆட்டக்காரராகவும் விளங்கினார்.

படிப்பையும் அவர் கைவிடவில்லை. ஆங்கில இலக்கியத்தில் பட்டம் பெற்று, மேற்படிப்பும் முடித்தார். தொழில்நுட்ப விளக்கங்கள் எழுதும் நல்ல வேலையும் கிடைத்தது. ஆயினும் மனம் மைதானத்தையே நாடியது. அந்த வேலையை விட்டு, ஊதியம் மிகக் குறைந்த துணைப் பயிற்சியாளர் பதவியை ஏற்று மேரிலாந்து பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். எந்தப் பெற்றோர்க்கும் கவலை தரக்கூடிய முடிவுதான் அது!

துணைப் பயிற்சியாளரின் பணி எளிதன்று. அன்றாடப் பயிற்சியை வகுக்க வேண்டும். எதிரணியின் ஆட்டத்தைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஊர் ஊராகச் சென்று உயர்நிலைப் பள்ளிகளில் திறமையுள்ள மாணவியரைத் தேட வேண்டும். மாணவியர் பாடங்களில் பின்தங்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏனெனில், அங்கே மதிப்பெண் வெகுவாகக் குறைந்தால் களத்தில் இறங்கும் உரிமையே போய்விடும்!

இப்படிப் படிப்படியாக உயர்ந்த அவர், 1997-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் புதிதாகத் தொடங்கப்பட்ட பெண்கள் அணிக்கு முதல் தலைமைப் பயிற்சியாளரானார். 1999-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்திற்குச் சென்று 12 பருவங்கள் பணியாற்றினார். அக்காலத்தில் அவருடைய அணி 8 முறை தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளுள் ஒன்றாக வந்தது. 2000, 2004, 2005 ஆகிய ஆண்டுகளில் இறுதி ஆட்டத்தையும் எட்டியது. மூன்றிலும் தோல்வியே! கல்லூரிக் கோப்பையை அவர் ஒருமுறைகூட வென்றதில்லை.

எனினும் 2014-ல் அமெரிக்க தேசியப் பெண்கள் அணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 2015-ல் கனடாவிலும் 2019-ல் பிரான்சிலும் அவ்வணி உலகக் கோப்பையை வென்றது. பெண்கள் உலகக் கோப்பையை இருமுறை வென்ற முதல் பயிற்சியாளர் அவரே.

இனி, நம் கேள்விக்கு வருவோம். பந்து அவருக்கு உடனே சோறு போடவில்லை. தொடக்க ஆண்டுகளில் அரைவயிற்றுக்குத்தான் போட்டது. அப்போது கையில் இருந்த பட்டம் அவருக்குத் துணிவு தந்திருக்கும். ஆகவே தோழியரே, விளையாட்டின் பெயரால் பாடத்தை ஒதுக்காதிருப்போம். பெற்றோர்களே, தேர்வு மாதத்திலும் மாலையில் அரைமணி நேரம் எங்களை ஆட விடுங்கள். கதவு திறந்திருந்ததால்தான் அந்தப் பெண்ணால் உள்ளே நுழைய முடிந்தது.