கதண்டு கொட்டினால் ஆளைப் பாருங்கள்: புரட்டாசி, ஐப்பசி மாத எச்சரிக்கை

பனை, தென்னை மட்டைகளுக்கு இடையிலும் வாய்க்கால் கரைப் புதர்களிலும் கதண்டுக் கூடுகள் பெருத்து நிற்கும் காலம் இது. மழை இறங்குவதற்குள் வாய்க்கால் தூர்வாருவது, நூறு நாள் வேலையில் கருவேலம் புதர் வெட்டுவது, ஆயுத பூஜைக்குக் கொட்டகை ஒழிப்பது எல்லாம் இந்த வாரங்களில்தான் நடக்கும். சென்ற ஆண்டும் இதே வேலைகளில்தான் ஆட்கள் கொட்டுப்பட்டு மருத்துவமனைக்கு வந்தார்கள். பிழைத்திருக்க வேண்டிய சிலர், கூட இருந்தவர்களுக்கு விவரம் தெரியாததால் தாமதமாக வந்து சேர்ந்தார்கள்.

வழக்கமானவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலை தொடங்கும் முன் இடத்தைச் சுற்றிப் பாருங்கள். கூடு தெரிந்தால் கல் எறியாதீர்கள், தீப்பந்தம் பிடிக்காதீர்கள். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள், எண் 101. ஒன்று கொட்டினால் அந்த வாடைக்கு மற்றவை திரண்டு வரும். முகத்தை மூடிக்கொண்டு ஓடி விலகுங்கள். கிணற்றில், குளத்தில் குதிக்க வேண்டாம். கையில் கொட்டினால் மோதிரம், வளையலை உடனே கழற்றுங்கள். தேனீ என்றால் கொடுக்கு தோலில் நிற்கும், நகத்தால் சுரண்டி எடுங்கள். கதண்டு பொதுவாகக் கொடுக்கை விட்டுப் போகாது, தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

இனி வருவதை நிதானமாகப் படியுங்கள். கொட்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். ஆளைப் பாருங்கள்.

கொட்டிய இடம் வீங்கும், சிவக்கும், எரியும். அது எல்லோருக்கும் வருவது. ஆனால் சிலருடைய உடம்பு அந்த விஷத்துக்கு மூர்க்கமாக எதிர்வினை காட்டும். ரத்தக் குழாய்கள் தளர்ந்து ரத்த அழுத்தம் சரியும், மூச்சுக் குழாய்கள் இறுகும், தொண்டை உள்ளுக்குள் வீங்கும். கொட்டியது விரலில், ஆபத்து தொண்டையில். பெரும்பாலும் சில நிமிடங்களில் தொடங்கிவிடும். ஒரு மணி நேரம் வரை கண் வைத்திருக்க வேண்டும்.

அவரைப் பேச வையுங்கள். குரல் கம்முகிறதா? எச்சில் விழுங்கத் திணறுகிறாரா? நாக்கு, உதடு தடிக்கிறதா? நெஞ்சில் விசில் சத்தத்தோடு இளைப்பு வாங்குகிறதா? தலை கிறுகிறுக்கிறது, கண் இருட்டுகிறது, உடம்பு ஒரு மாதிரி வருகிறது என்கிறாரா? திரும்பத் திரும்ப வாந்தி, வயிற்றைப் பிசைகிற வலி உண்டா? கொட்டுப்பட்டவருக்கு இவற்றில் ஒன்று வந்தாலும் உயிருக்கு ஆபத்து என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

‘உடம்பில் தடிப்பே இல்லையே டாக்டர்’ என்று என்னிடம் சொல்லாதீர்கள். காணாக்கடி போல் மேலெல்லாம் தடித்துச் சொறிவது பலருக்கு வரும். சிலருக்கு வரவே வராது. தோல் சுத்தமாக இருக்கும்போதே ரத்த அழுத்தம் விழுந்துவிடும். வாந்தி எடுத்து உட்கார்ந்தவரை ‘வெறும் வயிறு, வெயில், பயம்’ என்று சொல்லி சோடா வாங்கிக் கொடுத்து, சுண்ணாம்பு தடவி நிழலில் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்புகிறீர்கள். சுண்ணாம்பு தொண்டை வீக்கத்தைத் தடுக்காது. எத்தனை முறை சொல்வது? ஆளைப் பாருங்கள்!

அறிகுறி தெரிந்தவுடன் 108-ஐக் கூப்பிடுங்கள். அவரைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு வாங்கினால் காலை நீட்டி உட்காரலாம். வாந்தி எடுப்பவரையும் நினைவு தப்பியவரையும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கர்ப்பிணி என்றால் இடப் பக்கமாக. எழுந்து நிற்க விடாதீர்கள், நடக்க விடாதீர்கள். இருவருக்கு நடுவில் பைக்கில் இருத்திக் கொண்டுவருவது நம் ஊர்ப் பழக்கம். ரத்த அழுத்தம் சரிந்தவரை நிமிர்த்தினால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து, அந்த நொடியிலேயே இதயம் நின்றுபோகலாம். ஆம்புலன்ஸ் வரத் தாமதம் என்றால் காரோ லோடு ஆட்டோவோ பிடித்துப் படுக்க வைத்தே கொண்டுவாருங்கள்.

இதற்கு முதல் மருந்து அட்ரினலின். தொடையின் வெளிப்புறச் சதையில் போட வேண்டும். பெரியவர்களுக்கு அரை மில்லிகிராம், தேறாவிட்டால் 5 நிமிடத்தில் மறுபடியும். அவில் ஊசியும் செட்ரிசின் மாத்திரையும் அரிப்பை அடக்கும், அவ்வளவுதான். மருந்துக் கடையில் அவில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனவரைத்தான் மறுபடி தூக்கி வருகிறார்கள். எங்கே போனாலும் ‘கதண்டு கொட்டியது, மூச்சு முட்டுகிறது’ என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ஊசிக்குப் பின் தெளிந்துவிட்டார் என்று உடனே அழைத்துப் போகாதீர்கள். சில மணி நேரம் கழித்து அதே அறிகுறிகள் திரும்பலாம்.

ஒவ்வாமை இல்லாவிட்டாலும், பல இடங்களில் கொட்டியிருந்தால் மருத்துவமனைக்கு வந்தே ஆக வேண்டும். விஷத்தின் அளவே சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீர் கறுத்துப் போனால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள்.

பணித்தளப் பொறுப்பாளர்களே, முன்பு கொட்டியபோது மூச்சு முட்டியவர், மயங்கியவர் யார் என்று நாளைக் காலை வருகைப்பதிவு எடுக்கும்போதே கேளுங்கள். அவர்களைப் புதர் வெட்ட அனுப்பாதீர்கள்.