ஆமைக் கப்பல் இல்லாத போர்

அன்புள்ள பேத்திக்கு,

சோல் நகரில் குவாங்வாமுன் சதுக்கத்துக்கு அடியில் இருக்கும் கண்காட்சிக்குப் போய்விட்டு நீ அனுப்பிய படங்களையெல்லாம் தாத்தா பார்த்தார். மரத்துண்டுகளைக் கோத்து நீயே செய்த ஆமைக் கப்பல் அருமையாக வந்திருக்கிறது. ஆனால் அதன் கீழே, “உலகத்தின் முதல் இரும்புக் கப்பல். இதை வைத்துத்தான் யி சுன்-சின் எல்லாப் போரிலும் ஜெயித்தார்” என்று எழுதியிருந்தாயே, அங்கேதான் தாத்தாவுக்குச் சுருக்கென்றது. கோபம் உன்மேல் இல்லை. விவரம் தெரிந்த பெரியவர்களே இதைத்தான் புத்தகம் புத்தகமாக எழுதித் தள்ளுகிறார்கள்.

கொரியக் கடற்படைத் தளபதியான யி சுன்-சின் யார், 1592-ல் ஜப்பானியப் படை எதற்காகக் கொரியாவில் இறங்கியது என்பதையெல்லாம் கண்காட்சியிலேயே படித்திருப்பாய். அதனால் நேராக இரும்புக்கு வருவோம்.

அந்த வருடம் யி சுன்-சின் தன் அரசருக்கு அனுப்பிய அறிக்கையில் ஆமைக் கப்பலைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார். முன்பக்கம் டிராகன் தலை, அதன் வாய் வழியாகப் பீரங்கி சுடலாம். முதுகில் இரும்பு முட்கள். உள்ளே இருப்பவனுக்கு வெளியே தெரியும், வெளியே இருப்பவனுக்கு உள்ளே தெரியாது. அவ்வளவுதான். முட்கள்தான் இரும்பு; கூரை இரும்பு என்று ஒரு வார்த்தைகூட இல்லை. அவருடைய அண்ணன் மகன் எழுதி வைத்த வரலாற்றிலும் கூரை மரப்பலகைதான். இரும்பு போர்த்திய கப்பல் என்ற பேச்சு ஒரு ஜப்பானியக் குறிப்பில் வருகிறது. அடி வாங்கியவன் எதிரியின் கப்பலை இரும்பு என்று சொல்வதில் அதிசயம் என்ன இருக்கிறது? இன்று நாம் பார்க்கும் ஆமைக் கப்பல் மாதிரிகளெல்லாம் பெரும்பாலும் 1795-ல் அச்சான யி சுன்-சின் நூல் தொகுப்பில் உள்ள இரண்டு படங்களைப் பார்த்துச் செய்தவை. போர் முடிந்து இருநூறு வருடம் கழித்து வந்த படங்கள் அவை. கப்பலின் பெயரோ அவருக்கும் முந்தையது. 1413-லேயே அரசவைக் குறிப்பில் வந்துவிட்டது.

உன் இரண்டாவது வரிதான் இன்னும் மோசம்.

இந்தப் போரில் யி சுன்-சின் முதன்முதலில் வென்றது ஓக்போவில், 1592-ல். அங்கே ஆமைக் கப்பலே கிடையாது. அது முதலில் களத்துக்கு வந்தது அதற்குப் பிறகு, சாச்சொனில். அவர் இடது தோளில் குண்டடி பட்டதும் அந்தப் போரில்தான். மிகப் பெரிய வெற்றி என்று பலரும் சொல்வது 1597-ல் மியொங்நியாங் நீரிணையில் கிடைத்தது. அங்கேயும் ஆமைக் கப்பல் கிடையாது! அதற்குச் சுமார் இரண்டு மாதங்களுக்கு முன்புதான் வேறொரு தளபதி சில்சொல்லியாங்கில் கொரியக் கடற்படையை ஏறக்குறைய மொத்தமாகப் பறிகொடுத்திருந்தார். பதவி பறிக்கப்பட்டுச் சாதாரணச் சிப்பாயாக்கப்பட்டிருந்த யி சுன்-சினை அவசரமாகத் திரும்ப அழைத்தபோது மிஞ்சியிருந்தவை 12 கப்பல்கள். பிறகு இன்னொன்று சேர்ந்து 13 ஆயிற்று. எதிரே வந்தவை 133 என்று அவரே எழுதியிருக்கிறார். 2014-ல் வந்த கொரியப் படத்தில் போருக்கு முன் ஆமைக் கப்பல் ஒன்று எரிந்துபோகும். அது சினிமாக்காரர்கள் கட்டிய கதை. நீரிணைக்குக் குறுக்கே இரும்புச் சங்கிலி கட்டினார் என்பதும் அவருடைய நாட்குறிப்பில் இல்லாத சங்கதி.

அப்படியானால் ஜெயித்தது எது? பனோக்சொன். இந்தப் பெயரைக் கண்காட்சியில் எங்கேயாவது படம் எடுத்தாயா? உன் படங்களில் ஒன்றுகூட இல்லை. பார்க்க ஒன்றும் விசேஷமாக இருக்காது, பெட்டி மாதிரி ஒரு கப்பல். 1555 வாக்கில் புழக்கத்துக்கு வந்தது. இரண்டு தளம்: கீழே துடுப்புப் போடுகிறவர்கள், மேலே சண்டை போடுகிறவர்கள். மேல்தளம் உயரம் என்பதால் ஜப்பானியர் தாவி ஏறுவது கஷ்டம். அவர்களுடைய பலமே தாவி ஏறி வாள் வீசுவதுதான். தடித்த பைன் பலகை. இரும்பு ஆணிக்குப் பதில் பெரும்பாலும் மர முளை. மர முளை தண்ணீரில் ஊறிப் பருத்து இன்னும் இறுகும், இரும்பாணி துருப்பிடித்துத் தளரும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் அதன் தட்டையான அடி. ஒகேனக்கல்லில் பரிசல்காரர் ஒரே இடத்தில் நம்மைச் சுற்றிக் காட்டினாரே, ஞாபகம் இருக்கிறதா? அடியில் நீரைக் கிழிக்கும் கூர்மை இல்லாததால்தான் அது முடிகிறது. பனோக்சொன்னும் நின்ற இடத்திலேயே திரும்பும். ஒரு பக்கத்துப் பீரங்கிகளைச் சுட்டுவிட்டு, திரும்பி, மறுபக்கத்துப் பீரங்கிகளைச் சுடலாம். அதற்குள் முதல் பக்கத்தில் மருந்து கெட்டித்துவிடுவார்கள். கூரிய அடி கொண்ட ஜப்பானியக் கப்பல்கள் வேகமானவைதான், ஆனால் திரும்ப இடம் வேண்டும். அவற்றின் மெல்லிய பலகை பெரிய பீரங்கியின் அதிர்ச்சியையும் தாங்காது. 1592-ல் ஹான்சான் தீவருகே கொரியக் கப்பல்கள் கொக்கு சிறகை விரித்தாற்போல் வளைந்து நின்று எதிரியைச் சூழ்ந்தனவே, அந்த வியூகமும் சட்டென்று திரும்பத் தெரிந்த கப்பலால்தான் முடிந்தது. ஆமைக் கப்பலைக் கொண்டாடுகிறவர்கள் கப்பலின் அடிப்பகுதியைக் கவனிக்கவே மாட்டார்கள். மேலே தெரிவதுதான் அவர்களுக்கு எல்லாம்!

துடுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கண்காட்சியில் நீ துடுப்புப் போட்டுப் பார்த்ததாகச் சொன்னாய். துடுப்பென்றால் உட்கார்ந்து முன்னும் பின்னும் இழுப்பது என்றுதான் நினைத்துக்கொள்கிறோம். கொரியரின் பழைய துடுப்பு அப்படியில்லை. அதை நின்றுகொண்டு, நீரிலிருந்து எடுக்காமலே, பக்கவாட்டில் வளைத்து வளைத்துத் தள்ள வேண்டும். வீட்டில் ஒரு பலகையையும் நீர்த்தொட்டியையும் வைத்துக்கொண்டு முயன்று பார். அப்பா திட்டினால் தாத்தா சொன்னதாகச் சொல்.

கண்காட்சிகளில் குழந்தைகள் பகுதி வைக்கிறவர்களிடம் தாத்தாவுக்கு ஒரு வழக்கு உண்டு. முதுகில் முள்ளும் வாயில் புகையும் இருந்தால்தான் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று எல்லா ஊரிலும் இவர்களே முடிவு செய்துவிடுகிறார்கள். ஒரு தொட்டியில் தட்டை அடிப் படகு ஒன்று, கூர் அடிப் படகு ஒன்று மிதக்கவிட்டு, எது சீக்கிரம் திரும்புகிறது என்று பார்க்கச் சொன்னால் எந்தப் பிள்ளை வேண்டாம் என்று சொல்லும்? யி சுன்-சின் வைத்திருந்த பெரிய பீரங்கி வகைகள் நான்குக்கும், அந்நாளில் பிள்ளைகள் எழுத்துப் பழகிய பாடநூலின் முதல் நான்கு எழுத்துகளைத்தான் பெயராக வைத்திருந்தார்கள்: வானம், பூமி, கருப்பு, மஞ்சள். பெரியது வானம், அடுத்தது பூமி என்று இறங்கு வரிசை. இதை வைத்து எத்தனை விளையாட்டு செய்திருக்கலாம்.

அவருடைய நாட்குறிப்பு, நஞ்சுங் இல்கி, 1977-ல் ஆங்கிலத்தில் வந்தது. தாத்தா அதைக் கையில் எடுத்தபோது போர் முழக்கத்தைத்தான் எதிர்பார்த்தார். இருந்ததோ வானிலை. மழை, மேகம், காற்று. யார் வந்தார், எத்தனை அம்பு விட்டோம், வயிற்றுவலியில் தூக்கமில்லை. 1593-ல் ஒருநாள் காலை பத்துப் பன்னிரண்டு நரைமுடியைப் பிடுங்கிக்கொண்டதாக எழுதுகிறார். நரை பிடிக்காததால் அல்லவாம்; வயதான அம்மா இன்னும் இருக்கிறாள், அவள் கண்ணில் படக்கூடாதாம்.

மியொங்நியாங் நாளைப் பற்றி எழுதும்போதும் அதே நிதானம்தான். தன் கப்பல் மட்டும் முன்னே நின்று சுட்டுக்கொண்டிருக்க, மற்ற தளபதிகள் பயந்து பின்வாங்கி நின்றதை மறைக்காமல் எழுதுகிறார். ஆன் வி என்பவரைப் பெயர் சொல்லி அழைத்து, ஓடினால் எங்கே போய்ப் பிழைப்பாய் என்று கத்தியதையும் எழுதுகிறார். பூவேலை செய்த சிவப்புப் பட்டு அணிந்து கடலில் மிதந்த ஓர் உடல் எதிரித் தளபதியுடையது என்று, கொரியர் பக்கம் வந்து சேர்ந்திருந்த ஒரு ஜப்பானியர் அடையாளம் சொன்னாராம். அந்தப் பட்டின் நிறம்வரை குறித்துவைத்த மனிதர், தன்னிடம் இரும்புக் கப்பல் இருந்திருந்தால் எழுதாமல் விட்டிருப்பாரா?

மூலப் பிரதி ஆசான் நகரில் அவருடைய நினைவிடமான ஹியோன்சுங்சாவில் இருக்கிறது. சோலிலிருந்து ரயிலில் போய்விடலாம். அடுத்த விடுமுறையில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போ. பனோக்சொன் மாதிரி எங்கேயாவது கண்ணில் பட்டால், முன்னாலிருந்து எடுக்காதே, குனிந்து அடியைப் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
தாத்தா