காலதர்

வீட்டிற்கு வாயில் வாய் போன்றது எனின், சன்னல் கண்ணும் மூக்கும் போன்றது. வாயில் வழியாக நாம் சென்று வருகிறோம். சன்னல் வழியாக ஒளியும் காற்றும் வந்து செல்கின்றன. இவ்வுண்மையை நம் முன்னோர் சொல்லிலேயே பொதிந்து வைத்தனர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. ஆகவே, காற்று வரும் வழியைக் காலதர் என்றனர். புகார் நகரத்து மாளிகைகளைக் கூறுமிடத்துச் சிலப்பதிகாரம் இச்சொல்லை ஆள்கிறது. சாளரம், பலகணி என்பனவும் அதன் பெயர்களே. இன்று நாம் மிகுதியாக வழங்கும் சன்னல் என்னும் சொல்லோ, போர்ச்சுகீசிய மொழியிலிருந்து வந்து நம் வீட்டிலேயே தங்கிவிட்ட விருந்தாளி.

புதிய வீடு கட்டும்போது சன்னலைப் பற்றிப் பலரும் எண்ணுவர். பழைய வீட்டில் சன்னல் பழுதுற்றபோதோ, எதையேனும் வாங்கிப் பொருத்தினால் போதும் என்று விரைவர். அவ்விரைவினால் கைப்பொருள் வீணாவதைப் பல வீடுகளில் காண்கிறோம். பழுதுற்ற சன்னலை மாற்றுமுன் எவற்றை ஆராய வேண்டும், அப்பணியை எத்தகையவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பவற்றை, ஓர் ஊரையும் ஒரு வீட்டையும் முன்வைத்துக் காண்போம்.

சங்கரன்கோவில் தென்காசி மாவட்டத்தில் உள்ளது. சங்கரநாராயணர் கோயிலாலும், ஆடித் தபசுத் திருவிழாவாலும், நெசவுத் தொழிலாலும் பெயர் பெற்ற ஊர் அது. அதற்கு மேற்கே மலைத்தொடர் நெடுஞ்சுவர்போல் நிற்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மழையின் பெரும்பகுதியை மலைக்கு அப்பால் சொரிந்துவிட்டு, செங்கோட்டைக் கணவாய் வழியாக இப்பக்கம் வேகத்துடன் பாய்கிறது. அம்மாவட்டத்துச் சமவெளியில் காற்றாலைகள் வரிசையாக நிற்பது அக்காற்றை நம்பியே. ஆனி, ஆடித் திங்கள்களில் அது புழுதியையும் வாரிக்கொண்டு வரும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை எதிர்த்திசையிலிருந்து சாரலை வீசும். சித்திரை வெயிலைச் சொல்லவே வேண்டா.

அவ்வூரில் நெசவாளர் ஒருவர் வீட்டை மனக்கண்முன் கொண்டு வருவோம். தறி உள்ள அறைக்கு நான்கு சன்னல்கள் இருக்கின்றன. நெசவுக்கு வெளிச்சம் வேண்டும். ஆனால் வறண்ட காற்று ஆகாது. பருத்தி நூல் ஈரப்பதம் குறைந்தால் வலுவிழந்து அறும் இயல்பினது. வேண்டும்போது திறக்கவும், வேண்டாதபோது இறுக அடைக்கவும் வல்ல சன்னலே அங்கு இன்றியமையாதது. இவ்வீட்டின் மேற்குச் சன்னல் கதவுகளோ முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. இடுக்கு வழியே காற்று புகுந்து பாவு நூல் அடிக்கடி அறுகிறது. வடக்குச் சன்னலின் அடிச்சட்டம் உளுத்துவிட்டது. மகளின் மேற்படிப்பிற்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த தொகையிலிருந்து எடுத்துத்தான் இவற்றை மாற்ற வேண்டும்.

முதல் நாள் ஒருவர் வந்தார். திண்ணையில் நின்றபடியே, "நான்கையும் மாற்றிவிடலாம், முழுத் தொகையையும் முன்பணமாகத் தாருங்கள், பத்து நாளில் முடித்துவிடுகிறேன்" என்று கூறிச் சென்றார். மறுநாள் வேறொரு தச்சர் வந்தார். அவர் நான்கு சன்னல்களையும் திறந்து மூடிப் பார்த்தார். உளியின் முனையால் நிலைகளின் அடிப்பகுதியை ஆங்காங்கே குத்திப் பார்த்தார். வெளியே சென்று சுவரையும் நோக்கினார். பிறகு சொன்னார்: "அண்ணாச்சி, இரண்டு சன்னல்களை நீங்கள் மாற்ற வேண்டியதே இல்லை. பழைய தேக்கு, வைரம் பாய்ந்த மரம். கீல்களை மாற்றி எண்ணெய் பூசினால் இன்னும் நெடுநாள் நிற்கும். வடக்குச் சன்னல் உளுத்தது மரத்தின் குற்றம் அன்று. மேலே மழைத்தடுப்பு உடைந்திருக்கிறது. நீர் சுவர்வழி இறங்கி அடிச்சட்டத்தில் தேங்குகிறது. அதைச் சரிசெய்யாமல் பொன்னால் சன்னல் செய்து வைத்தாலும் பயன் இல்லை."

தமக்கு வரக்கூடிய கூலியில் பாதியைத் தாமே குறைத்துக்கொண்டார் அத்தச்சர். அதனினும் மேலாக, அவர் கேட்டது விலையை அன்று, காரணத்தை. பழுது எதனால் வந்தது என்று ஆராயாமல் பொருளை மாற்றுவோரிடம் புதிய பொருளும் பழைய வழியிலேயே கெடும். மரத்தின் உடல் முழுவதும் நீளவாக்கில் நுண்குழாய்கள் ஓடுகின்றன. சட்டத்தின் பக்கங்கள் நீரை எளிதில் ஏற்பதில்லை. வெட்டுமுனையோ விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் நீரை உறிஞ்சும். அதனால்தான் நிலையின் கால்களே முதலில் உளுக்கின்றன. மழைத்தடுப்பின் அடிப்பக்கத்தில், வெளி விளிம்பை ஒட்டி ஒரு சிறு காடி வெட்டிவிட்டால், நீர் உள்நோக்கி ஊர்ந்து வராமல் அங்கேயே சொட்டிவிடும். செலவற்ற இச்சிறு காடி எத்தனையோ சன்னல்களைக் காத்திருக்கிறது.

கரையானைப் பற்றியும் ஒரு சொல். சங்கரன்கோவிலில் புற்றுமண் கோயில் பிரசாதமாகப் போற்றப்படுகிறது. ஆயினும், அதே மண் நம் வீட்டுச் சன்னல் நிலையின் ஓரத்தில் விரல் தடிமன் கோடாக ஏறுமாயின், அஃது எச்சரிக்கை. மரத்தை மாற்றுமுன் சுவரிலும் தரையிலும் கரையானை ஒழித்தல் வேண்டும். புதிய நிலையின் சுவரோடு ஒட்டும் பக்கங்களில் காப்பு எண்ணெய் பூசிய பின்னரே அதனை நிறுத்த வேண்டும். நிறுத்திய பிறகு அப்பக்கங்களைத் தொடவே இயலாதன்றோ?

இனி மரத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் காண்போம். தேக்கில் இயற்கையாகவே உள்ள எண்ணெய்ப் பொருள்கள் கரையானையும் பூசணத்தையும் எதிர்க்கின்றன. ஆனால், தேக்கு முழுவதும் அவ்வாறு எதிர்ப்பதில்லை. நடுவே நிறம் ஆழ்ந்த பகுதி வைரம், அதனைச் சூழ்ந்த வெளிறிய பகுதி வலுவற்றது, பூச்சிக்கு இரையாவது. தொல்காப்பியர், உள்ளே வைரம் உடையவற்றை மரம் என்றும், புறத்தே வைரம் உடையவற்றைப் புல் என்றும் பிரித்துக் கூறினார். அவ்வாறு பார்த்தால் பனையும் புல்லே. பனஞ்சட்டம் வாங்குவோர் வெளிப்புறக் கருமையை நோக்குவதும், தேக்கு வாங்குவோர் நடுப்பகுதியை நோக்குவதும் இதனாலேயே. வெளிறிய பகுதிக்கும் சாயம் ஏற்றி வைரம்போல் காட்டும் வழக்கம் உண்டு. ஆதலின், மரத்தை வண்ணம் ஏறாத நிலையிலேயே பார்த்துவிடுதல் நன்று.

வைரம் மட்டும் போதாது. மரம் நன்கு உலர்ந்திருக்கவும் வேண்டும். ஈரமரம் உலரும்போது நீளத்தில் ஏறக்குறைய மாறுவதில்லை, அகலத்தில் சுருங்கும். சில வேளை முறுக்கிக்கொள்ளும். மேற்குச் சன்னல் கெட்டது இவ்வாறே. உலர்ந்ததா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. அம்மரத்தில் ஒரு சிறு துண்டை வாங்கி நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். நிழலில் ஒரு வாரம் வைத்து மீண்டும் நிறுங்கள். எடை நன்கு குறைந்திருந்தால், அம்மரம் சன்னலாவதற்கு இன்னும் காத்திருக்க வேண்டும். பழைய வீடுகளிலிருந்து கழற்றிய தேக்கு பல ஆண்டுகள் உலர்ந்தது. ஆணித்துளைகளைக் கண்டு அதனை இகழ்வோர் நல்ல மரத்தை இழப்பர் என்பது என் கருத்து.

அளவில் நேரும் இழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. 4 அடி உயரமும் 3 அடி அகலமும் உள்ள நிலைக்குச் சட்டத்தின் மொத்த நீளம் 14 அடி. சட்டம் 4 அங்குல அகலமும் 3 அங்குலத் தடிப்பும் உடையதாயின், குறுக்குப் பரப்பு 12 சதுர அங்குலம். மரம் ஏறத்தாழ 1.17 கன அடி. இரு பக்கத்திலும் அரை அங்குலம் குறைத்து, 3½ அங்குலமும் 2½ அங்குலமும் ஆக்கிவிட்டால் என்ன ஆகும்? பரப்பு 8.75 சதுர அங்குலமாகக் குறைகிறது. அரை அங்குலந்தானே என்று விட்டதில் மரம் கால் பங்குக்கு மேல் போய்விட்டது! இழைக்கும்போது மரம் சிறிது குறைவது இயல்பே. ஆதலின், சொல்லும் அளவு இழைப்பதற்கு முந்தியதா, பிந்தியதா என்று தொடக்கத்திலேயே கேட்டுத் தெளிதல் வேண்டும்.

இக்காலத்தில் அலுமினியத்தாலும், யூ.பி.வி.சி. என்னும் நெகிழியாலும் செய்த சன்னல்கள் பரவியுள்ளன. கரையான் அவற்றை அரிக்காது. மழையில் அவை உப்புவதும் இல்லை. நெகிழிச் சட்டம் உள்ளே வெற்றிடம் உடையது. அதனுள் எஃகுப் பட்டை செலுத்தப்பட்டிருக்கிறதா என்று வெட்டிய துண்டைக் காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். இரண்டு கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக நகரும் சன்னலில் பாதி வழியே திறக்கும். கீலில் திறப்பதோ முழுவதும் திறக்கும். நகரும் சன்னலின் அடித்தடத்தில் நீர் வடியத் துளைகள் வேண்டும். புழுதி மிகுந்த ஊரில் அத்துளைகளை அவ்வப்போது துடைக்க மறந்தால் தடமே வாய்க்கால் ஆகிவிடும்.

எப்பொருளால் செய்தாலும் திறப்பின் பரப்பு குறையக் கூடாது. வெப்பமும் வறட்சியும் உள்ள இடங்களில் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்கும், வெப்பமும் ஈரமும் உள்ள இடங்களில் ஆறில் ஒரு பங்கும் காற்று வரும் திறப்பாக இருத்தல் வேண்டும் என்று இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு வகுத்துள்ளது. 120 சதுர அடி அறைக்கு முன்னதன்படி 12 சதுர அடியும், பின்னதன்படி 20 சதுர அடியும் ஆகும். பழைய சன்னலைச் சிறிதாக்கிச் செலவைக் குறைப்போர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

பொருளை இவ்வாறு ஆராயலாம். ஆளை எவ்வாறு ஆராய்வது? தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். அரசன் வினையாளரைத் தேர்வதற்கு அவர் உரைத்தது தச்சரைத் தேர்வதற்கும் பொருந்தும். நம் நெசவாளர், அத்தச்சர் புதிதாகச் செய்த சன்னலைப் பார்க்க விரும்பவில்லை. ஐந்தாண்டுகளுக்கு முன் அவர் செய்த சன்னல் உள்ள வீட்டிற்குச் சென்றார். அவ்வீட்டுத் தலைவரை விடுத்து, நாள்தோறும் அதனைத் திறந்து மூடும் அம்மையாரிடம் கேட்டார். சாலச் சிறந்த முறை! பிறகு, மரத்தின் பெயர், இழைத்த பின் உள்ள அளவு, கீல்களின் எண்ணிக்கை, கண்ணாடியின் தடிப்பு, முடிக்கும் நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டனர். மரம் வாங்க ஒரு பங்கு, நிலை நிறுத்தியதும் ஒரு பங்கு, ஒரு மழை கண்ட பின் எஞ்சிய பங்கு என்று தொகையைப் பிரித்தனர். எழுத்தும் பற்றுச்சீட்டும் நட்பைக் குலைப்பன அல்ல. வேலையில் குறை நேர்ந்து, பேசியும் தீராதபோது, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடுவோர்க்கு அவையே சான்றாகும்.

வேலை தொடங்கிற்று. ஒரு சட்டத்தின் முனையை நாக்குப்போல் செதுக்கி, மற்றொன்றில் வெட்டிய துளைக்குள் புகுத்தி இறுக்குவதே நல்ல பொருத்து. நாக்குச் சிறுத்துத் துளை பெருத்தால், மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்து, மேலே வண்ணம் பூசிவிடுவர் சிலர். வண்ணம் ஏறிய பின் நல்ல பொருத்தும் தீய பொருத்தும் ஒன்றுபோலவே தோன்றும். அத்தச்சரோ வண்ணம் பூசுமுன் நெசவாளரையும் அவர் மகளையும் அழைத்து, நான்கு மூலைகளையும் காட்டினார். மூலைக்கு மூலை அளந்து பார்க்குமாறு மகளிடம் அளவுநாடாவைத் தந்தார். 4 அடிக்கு 3 அடி ஆன நிலையில் இரண்டு மூலைவிட்டங்களும் சரியாக 5 அடி இருந்தன. பள்ளியில் கற்ற பிதாகரசு தேற்றம் சன்னல் நிலையில் நிற்பதைக் கண்டு அம்மகள் வியந்தாள். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நிலை முன்னும் பின்னும் சாயாமல் நிற்பதையும் அவர் காட்டிய பிறகே சுவர்ப்பூச்சு நடந்தது.

ஐப்பசியில் மழை பெய்தது. வடக்குச் சன்னலின் அடிச்சட்டத்தில் நீர் தேங்கவில்லை. மேற்குச் சன்னலின் கதவு மட்டும் சற்றே இறுகிற்று. நெசவாளர் தச்சருக்குச் சொல்லி அனுப்பினார். அவர் வந்து, கதவின் ஓரத்தைக் கையால் தடவிப் பார்த்தார். ஆயின், இழைப்புளியைப் பையிலிருந்து எடுக்கவில்லை. "மரம் ஈரம் குடித்திருக்கிறது, அண்ணாச்சி. இப்போது இழைத்தால் சித்திரையில் இடுக்கு விழும். மறுபடியும் நூல் அறும். தை வரட்டும்" என்றார். எஞ்சிய தொகையை நெசவாளர் நீட்டியபோது, அதனையும் தை மாதத்திலேயே பெற்றுக்கொள்வதாகக் கூறிவிட்டுப் போனார். தை பிறந்தது. கதவு ஒரு விரலால் தள்ளத் திறந்தது.