ரோஜாச் செடிக்கு என்ன தண்ணீர் ஊற்றுகிறோம்?

ஆம்பூர்ப் பக்கம் பல வீடுகளின் வாசலில் ரோஜாத் தொட்டியைக் காணலாம். வாங்கி வந்த சில மாதங்களில் இலை ஓரம் கருகி, செடி பட்டுப்போவதும் வழக்கம். ‘நமக்குக் கைராசி இல்லை’ என்று விட்டுவிடுவோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். மூன்று செடிகள் பட்டுப்போன பிறகே காரணம் தெரிந்தது. வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீர் வீணாகக் கூடாதென்று தினமும் அதையே ஊற்றி வந்திருக்கிறேன். குடிநீரிலிருந்து பிரிக்கப்படும் உப்பெல்லாம் அந்தக் கழிவுநீரில்தான் சேர்கிறது. இந்தத் தவறையே எட்டாம் வகுப்பில் பாடமாக்கினேன்.

பாடக்கருத்து

ரோஜா உப்பை அதிகம் தாங்காது. வேர் நீரை உறிஞ்சும்போது உப்பின் பெரும்பகுதி மண்ணிலேயே தங்கிவிடும். உப்பு கூடக் கூட, மண் ஈரமாக இருந்தாலும் வேரால் நீரை எடுக்க முடியாது. சவ்வூடு பரவலை இங்கே இணைத்து விளக்கலாம். தொட்டி விளிம்பில் வெண்படலம், இலை ஓரத்தில் பழுப்பு ஆகியவை இதன் அடையாளங்கள்.

செயல்பாடு

நான்கு கிண்ணங்களில் பஞ்சு பரப்பி, ஒவ்வொன்றிலும் 10 பாசிப்பயறு இடச் செய்யுங்கள். மழைநீர், ஆழ்துளைக் கிணற்று நீர், ஆர்.ஓ. கழிவுநீர், ஒரு லிட்டர் மழைநீரில் 5 கிராம் உப்புக் கரைத்த நீர் என ஒவ்வொன்றுக்கும் ஒரு நீரைத் தெளிக்க வேண்டும். முளைத்தவற்றின் எண்ணிக்கையையும் வேரின் நீளத்தையும் ஒரு வாரம் பதிவு செய்து வரைபடமாக்கலாம். 5 கிராம் என்பது 5000 மில்லிகிராம். இந்தியத் தர நிர்ணயப்படி, குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது; வேறு நீர் கிடைக்காதபோது 2000 வரை அனுமதி. மாணவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

எழும் கேள்வி

“இவ்வளவு உப்பு எங்கிருந்து சார் வந்தது?” என்று கேட்பார்கள். கருவாட்டைப் போலவே பச்சைத் தோலும் உப்பிட்டுத்தான் கெடாமல் வைக்கப்படுகிறது. பதனிடும்முன் அந்த உப்பு கழுவப்படுகிறது. சரியாகச் சுத்திகரிக்காத கழிவுநீரால் பாலாற்றங்கரையில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பேறியது.

இதைச் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து, “சார், எங்கப்பா டேனரிலதான் வேலை செய்றாரு. தண்ணி கெட்டதுக்கு அவருதான் காரணமா?” என்றாள். வகுப்பே அமைதியானது. “இல்லம்மா, உங்கப்பா உழைச்சுச் சம்பாதிக்கிறார். கழிவைச் சுத்திகரிக்கிறது தொழிற்சாலை நடத்துறவங்க கடமை” என்றேன். மாசுபடுத்துபவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று வேலூர் மாவட்ட வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் சொன்னேன். இப்பகுதியில் இப்பாடத்தை நடத்துவோர் இந்தக் கேள்விக்குத் தயாராகச் செல்வது நல்லது.

நடவும் பராமரிப்பும்

• நம் வெயிலுக்குப் பன்னீர் ரோஜா, எட்வர்ட் ரோஜா போன்ற நாட்பட்ட வகைகள் புதியவர்களுக்கு எளிது.
• தினமும் 6 மணி நேரமாவது வெயில் படும் இடம் வேண்டும்.
• ஒன்றரை அடி நீள, அகல, ஆழக் குழியில் மண்ணுடன் மக்கிய எரு கலந்து நடுக. ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே இருக்கட்டும். அதற்குக் கீழே துளிர்ப்பவற்றை நீக்கிவிடுக.
• தொட்டியின் அடித்துளை அடைபடக் கூடாது. வாரம் ஒருமுறை, துளை வழியே வெளியேறும் வரை நல்ல நீர் ஊற்றினால் தேங்கிய உப்பு கரைந்து போகும்.
• காய்ந்த இலைகளால் மூடாக்கு இட்டால் ஈரம் காக்கும்.
• பூ வாடியதும், வெளிநோக்கிய மொட்டுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுக.

வீட்டுப்பணி

10 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 100 லிட்டர் நீர் விழும். தம் வீட்டுக் கூரையை அளந்து, எத்தனை லிட்டர் பிடிக்கலாம் என்று மாணவர்கள் கணக்கிடட்டும். அந்த மாணவியும் அவள் அப்பாவும் கூரை ஓரம் ஒரு டிரம் வைத்தார்கள். அவர்கள் வீட்டு ரோஜாவுக்கு இப்போது அந்த நீர்தான்.