பாட்டில் ஊற்றி வளராது பவளம்

நன்னீர் மீன் தொட்டியில் கை தேர்ந்தவர்களுக்கு அடுத்த ஆசை பெரும்பாலும் பவளத் தொட்டிதான். அறுபது லிட்டர் தொட்டி, நீல விளக்கு, உப்புப் பை, நாலைந்து பவளத் துண்டுகள் என்று ஆரம்பிக்கும். கூடவே அறிவுரைகளும் வந்து சேரும். அவற்றில் பாதி ‘இதை வாங்கி ஊற்றுங்கள்’ என்றுதான் முடியும். சிறு தொட்டிகளில் பவளம் சாகும் காரணத்தைத் தேடிப்போனால், ஊற்றாமல் விட்டதைவிட ஊற்றிக் கெடுத்ததே அதிகம். அதிகம் புழங்கும் சில நம்பிக்கைகளை இங்கே ஒவ்வொன்றாகச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை: கடையில் விற்கிறார்கள் என்றால் வளர்க்கலாம்.

உண்மை: இந்தியாவில் அப்படி இல்லை. பாறை கட்டும் கல்பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. புலிக்கு எந்த அட்டவணையோ அதே அட்டவணை. கரும்பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவையும் அதில் உண்டு. மீறினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. ‘கரையில் ஒதுங்கிய செத்த பவளம்தானே, எடுத்தால் என்ன?’ என்ற சமாதானமும் செல்லாது; உயிரற்ற எலும்புக்கூடும் சட்டத்தின் வரம்புக்குள்தான் வருகிறது. கடலில் பெயர்த்தெடுத்த ‘லைவ் ராக்’ என்று விற்கப்படுவதும் பெரும்பாலும் பழைய பவளக் கல்லே.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிப் பக்கம் பல்லாண்டுகள் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பவளப்பாறைகளை வெட்டி எடுத்தார்கள். அரணாக நின்ற பாறை போனதும் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் அமிழ்ந்தன.

ஆகவே நம் ஊர்த் தொட்டிக்கு மென்பவளங்களே பொருத்தம்: மஷ்ரூம், லெதர் கோரல், ஜோவாந்திட், செனியா போன்றவை. அவற்றையும் கடலில் பறித்துக் கொடுப்பவரிடம் வாங்காமல், தொட்டியில் வளர்த்து வெட்டிப் பிரித்த துண்டாக வாங்குங்கள். கல்லுக்குப் பதில் பீங்கான் பாறைகள் கிடைக்கின்றன.

நம்பிக்கை: சின்னத் தொட்டி, சின்ன வேலை.

உண்மை: தொட்டி சிறுத்தால் தவறுக்கான இடமும் சிறுக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அறுபது லிட்டர் தொட்டியில் பாறையும் மணலும் போக ஐம்பது லிட்டர் நீர் இருக்கும். உப்பின் அளவு 35, அதாவது ஆயிரத்துக்கு முப்பத்தைந்து பங்கு. திறந்த கடலில் இருப்பதும் ஏறக்குறைய அதுவே. கோடையில் மின்விசிறி ஓடினால் நாளுக்கு ஒன்றரை லிட்டர் ஆவியாவது சாதாரணம். ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பு அப்படியே நிற்கும். மூன்று நாள் ஊருக்குப் போய்த் திரும்பினால் நாலரை லிட்டர் குறைந்திருக்கும், உப்பு 38.5 ஆகியிருக்கும். பதறிப்போய் நாலரை லிட்டர் நல்ல தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றினால் ஐந்து நிமிடத்தில் மறுபடி 35. மூன்று நாளில் ஏறியதைவிட ஐந்து நிமிடத்தில் இறங்கியதுதான் பவளத்துக்குப் பெரிய அடி.

குறைந்த நீரை ஈடுகட்ட உப்பில்லாத நீரைத்தான் சேர்க்க வேண்டும். அதையும் தினம் கொஞ்சமாக. ஊருக்குப் போகிறவர்கள் மிதவை வைத்த தானியங்கி நிரப்பி ஒன்றை மாட்டிவிட்டுப் போவது நல்லது. உப்பை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். முள் ஆடும் மலிவான ஹைட்ரோமீட்டரில் ஒரு காற்றுக்குமிழ் ஒட்டிக்கொண்டாலே முள் மேலே ஏறி, இல்லாத உப்பைக் காட்டும்.

நம்பிக்கை: மூன்று நாளில் தொட்டி தயார்.

உண்மை: அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பாறையிலும் மணலிலும் குடியேறப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பாக்டீரியா பாட்டில்கள் அதைக் கொஞ்சம் விரைவுபடுத்தலாம், அவ்வளவுதான். சோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லையென்று தெரிந்த பிறகும் சில வாரம் பொறுத்துப் பவளத்தை வாங்குவது நல்லது.

நம்பிக்கை: நாம் குடிக்கும் ஆர்ஓ தண்ணீரே பவளத்துக்கும் போதும்.

உண்மை: நம் வீட்டுச் சுத்திகரிப்பான் மனிதருக்காகச் செய்தது. சவ்வில் வடிகட்டிய பிறகு சுவைக்காகக் கனிமங்களை மறுபடி சேர்க்கிறது. பல மாடல்களில் குழாய்த் தண்ணீரையே கொஞ்சம் கலந்து டிடிஎஸ் அளவை உயர்த்துகிறார்கள். இன்னும் மோசம், ‘காப்பர்’ என்று விளம்பரப்படுத்தும் மாடல்கள். செம்பு நமக்கு நல்லதாக இருக்கலாம், முதுகெலும்பில்லாத கடலுயிர்களுக்கு நஞ்சு. மீனுக்குத் தரும் செம்பு மருந்தைப் பவளத் தொட்டியில் ஊற்றவே கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

கேன் தண்ணீரிலும் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று தெரியாது. போர்வெல் நீரில் நைட்ரேட்டும் சிலிக்கேட்டும் இருக்கலாம். பாசிக்கு அது விருந்து. ஆர்ஓ சவ்வுக்குப் பின் எஞ்சிய கனிமங்களையும் நீக்கும் டிஐ ரெசின் குழாய் ஒன்றும் பொருத்தி, டிடிஎஸ் மீட்டரில் பூஜ்யம் காட்டும் நீரில் கடல் உப்பைக் கரைப்பதே சரியான வழி. சமையல் உப்பு உதவாது. மெரினாவில் குடம் நிறைய மொண்டு வருவதும் வேண்டாம்; நகரக் கரையோரக் கடலில் கழிவுநீர் கலக்கிறது.

நம்பிக்கை: பவளம் வெப்பக் கடல் உயிர், நம் ஊர் வெயில் அதற்குப் பழக்கம்தான்.

உண்மை: வெப்பக் கடல் பவளங்கள் தம்மால் தாங்க முடிந்த உச்ச வெப்பத்துக்கு மிக அருகில்தான் வாழ்கின்றன. கோடை வெப்பம் வழக்கத்தைவிட ஓரிரு டிகிரி உயர்ந்து சில வாரம் நீடித்தாலே அவை வெளுக்கத் தொடங்கும். மன்னார் வளைகுடாவின் பவளங்களே 1998, 2010, 2016 ஆண்டுகளில் பெரிய அளவில் வெளுத்தன. தொட்டிக்கு 24 முதல் 27 டிகிரி வரை ஏற்றது. மே மாதச் சென்னையில் மூடிய அறைக்குள் இருக்கும் தொட்டி இதை எளிதில் தாண்டிவிடும். விளக்கும் மோட்டாரும் வேறு சூட்டைக் கூட்டும். விசிறி வைத்தால் ஓரளவு குறையும். ஆனால் கடலோர ஊர்களில் காற்றின் ஈரப்பதம் அதிகம் என்பதால் ஆவியாதல் மந்தமாகி விசிறியின் பலனும் குறைகிறது. நீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க வசதி இல்லையென்றால், ஏசி ஓடும் அறையிலாவது தொட்டியை வையுங்கள்.

கோடையில் கரண்ட் போனால் எதை முதலில் இன்வெர்ட்டரில் இணைப்பது? பலர் விளக்கைத்தான் நினைக்கிறார்கள். ஒரு நாள் இருட்டைப் பவளம் பொறுத்துக்கொள்ளும். தேங்கிய நீரைத்தான் பொறுக்காது. வெதுவெதுப்பான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். ஓட்டம் நின்றால் இருப்பதும் சில மணி நேரத்தில் தீரத் தொடங்கும். முதல் இடம் நீரை ஓடவிடும் வேவ்மேக்கருக்கு. இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று இருக்கட்டும்.

நம்பிக்கை: பவளம் செடி மாதிரி, வெளிச்சம் கொடுத்தால் போதும், எவ்வளவு கொடுத்தாலும் நல்லது.

உண்மை: பவளம் விலங்கு. அதன் திசுவுக்குள் சூசாந்தெல்லே என்ற நுண்பாசிகள் குடியிருந்து, ஒளியில் தயாரித்த உணவில் பெரும்பங்கை வீட்டுக்காரருக்குத் தருகின்றன. அது புரிவதற்கே விஞ்ஞானிகளுக்கு வெகுகாலம் பிடித்தது. 1928-29இல் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டுக்குப் போன பயணக்குழுவின் தலைவர் மாரிஸ் யங், பவளங்களை ஒளி புகாத பெட்டிகளில் அடைத்துப் பார்த்தார். பாசிகளை இழந்த பிறகும் பவளங்கள் உயிரோடு இருந்தன. ஆகவே அவை முழுக்க முழுக்க இரை தின்னிகள் என்று அவர் முடிவுகட்டினார். பின்னாளில் கதிரியக்கக் கார்பனைக் கொண்டு செய்த ஆய்வுகள்தான் பாசி தரும் பங்கை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. பெரும்பாலான பவளங்களுக்கு ஒளி, இரை இரண்டும் வேண்டும்.

ஒளி கூடினால் தீங்குதான். தாங்க முடியாத ஒளியில் பாசிகள் திசுவைக் கெடுக்கும் ஆக்சிஜன் வகைகளை வெளிவிட, பவளம் அவற்றைத் துரத்திவிட்டு வெளுக்கிறது. புது எல்இடி விளக்கை முதல் நாளே நூறு சதவீதத்தில் வைக்காமல், முப்பது நாற்பதில் தொடங்கி வாரம் கொஞ்சமாக ஏற்றுங்கள். மஷ்ரூமை அடியில், நிழலோரமாக வையுங்கள்.

விதிவிலக்கு ஒன்றும் உண்டு. இளஞ்சிவப்பும் ஆரஞ்சுமாகக் கண்ணைப் பறிக்கும் கார்னேஷன் கோரலுக்குள் பாசியே கிடையாது. நாள் முழுக்க நுண்ணுணவு மிதந்து வந்தால்தான் பிழைக்கும். வீட்டுத் தொட்டியில் அதற்குப் பெரும்பாலும் பட்டினிச் சாவுதான். விலை மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

நம்பிக்கை: கால்சியம் ஊற்றினால் பவளம் மளமளவென்று வளரும்.

உண்மை: கால்சியத்தை அள்ளிக் குடிப்பவை எலும்புக்கூடு கட்டும் கல்பவளங்கள். அவையும் கால்சியத்தை மட்டும் தனியாக எடுப்பதில்லை. 20 பிபிஎம் கால்சியம் குறைந்தால் கூடவே ஆல்கலினிட்டி எனப்படும் காரத்தன்மையும் 2.8 டிகேஹெச் குறையும். ஒன்றை மட்டும் ஏற்றினால் விகிதம் கெடும். இரண்டையும் அடுத்தடுத்து ஒரே இடத்தில் ஊற்றிப் பாருங்கள். நீரில் வெள்ளைப் புகை போல ஒன்று கிளம்பும். காசு கொடுத்து வாங்கிய கால்சியம் சுண்ணாம்பாகி வீணாவதுதான் அது. மோட்டாரில் படியும் வெள்ளைக் காரையும் அதுவே.

மென்பவளங்களுக்குத் தசைக்குள் சிறு முட்கள் மட்டுமே உண்டு. கால்சியத் தேவை சொற்பம். கால்சியம் 400-450 பிபிஎம், காரத்தன்மை 7-9 டிகேஹெச் இருந்தால் நிறைவு. வாரம் பத்து சதவீத நீர் மாற்றும்போது புது உப்பிலேயே அது வந்துவிடுகிறது. சட்டத்துக்குப் பணிந்து மென்பவளத்தோடு நின்றவருக்கு இந்தச் செலவும் மிச்சம்.

நம்பிக்கை: நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் பூஜ்யமாக இருப்பதே சுத்தமான தொட்டி.

உண்மை: பவளக் கடலில் இவை மிகக் குறைவு என்பது சரி. ஆனால் அங்கே நுண்ணுயிர் இரை ஓயாமல் அடித்து வருகிறது. தொட்டியில் அது கிடையாது. உறிஞ்சும் ரசாயனங்களைப் போட்டு இரண்டையும் துடைத்து எடுத்தால் பவளம் வெளிறி மெலியும். அந்த வெற்றிடத்தில் பழுப்பு நிற வழுவழுப்பாக, நூல்நூலாக, குமிழ்களைச் சுமந்தபடி டைனோஃபிளாஜலேட்டுகள் என்ற நுண்ணுயிர்கள் பரவும். அதை அழுக்கு என்று நினைத்து மேலும் சுத்தம் செய்யச் செய்ய அது மேலும் கொழிக்கும். இரண்டில் ஒன்று மட்டும் தீர்ந்துபோவதும் ஆபத்து. நைட்ரேட் மிகுந்து பாஸ்பேட் பற்றாமல் போன பவளங்கள் வெப்பத்திலும் ஒளியிலும் எளிதில் வெளுப்பதை சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நைட்ரேட் 2 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் வரை இருக்கட்டும். மென்பவளங்கள் இன்னும் சற்றுக் கூடினாலும் தாங்கும்.

நம்பிக்கை: பவளம் மூடிக்கொண்டால் நோய், உடனே மருந்து வேண்டும்.

உண்மை: லெதர் கோரலைக் கொஞ்ச நாள் கவனியுங்கள். திடீரென்று மேலே உள்ள பூ விரல்கள் அத்தனையும் உள்ளே போய்விடும். மேற்பரப்பு வழவழவென்று, மெழுகு பூசியது போலப் பளபளக்கும். சில நாள், சில சமயம் ஒரு வாரத்துக்கும் மேல் இப்படியே நிற்கும். பிறகு அந்த மெழுகுப் படலம் ஓரத்தில் கிழிந்து, மெல்லிய தாளாக உரிந்து நீரில் போகும்; மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ விரல்கள் முன்னைவிடத் தாராளமாக விரியும். மேலே படிந்த பாசியையும் அழுக்கையும் அது இப்படித்தான் களைகிறது. வேவ்மேக்கரைச் சற்றுத் திருப்பி அதன்மேல் நீரோட்டம் படச் செய்வது மட்டுமே நம் வேலை.

கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு: திசு கரைந்து நாற்றம் அடிப்பது, அடிப்பகுதி கறுத்துப்போவது. அப்போதுகூட முதலில் உப்பு, வெப்பம், அம்மோனியா, காரத்தன்மை நான்கையும் அளந்துவிட்டுத்தான் எதிலும் கை வைக்க வேண்டும். அண்டை வீட்டுச் சண்டையாகவும் இருக்கலாம்: மென்பவளங்கள் நீரில் வேதிப்பொருள்களைக் கசியவிட்டு ஒன்றையொன்று ஒடுக்கும். இடைவெளி விட்டு வைப்பதும், வடிகட்டியில் கரித்தூள் பை போடுவதும் இதற்கு மருந்து.

நம்பிக்கை: பவளம் சாதுவான உயிர், யாரையும் ஒன்றும் செய்யாது.

உண்மை: இந்த நம்பிக்கைதான் மனிதரையே ஆபத்தில் தள்ளக்கூடியது. ஜோவாந்திட் கூட்டத்தின் சில வகைகளில், குறிப்பாகப் பாலித்தோவாவில், பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. ஹவாயின் மவுய் தீவில் ஹானா ஊர்ப்பக்கம் ஒரு குட்டையில் ‘நச்சுப் பாசி’ இருப்பதாகவும், அதை ஈட்டி முனையில் தடவினால் பட்டவர் பிழைக்கமாட்டார் என்றும் பழங்கதை இருந்தது. ஹவாய் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் மூரும் பால் ஷோயரும் 1971இல் அந்த நஞ்சைப் பிரித்து அறிவித்தார்கள். பாசி என்று சொல்லப்பட்டது உண்மையில் பாலித்தோவா.

வேண்டாத ஜோவாந்திட்டை ஒழிக்கப் பாறைமேல் கொதிநீர் ஊற்றியும், பாறையை வேகவைத்தும், எழுந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் உண்டு. எந்த வகையில் நஞ்சு இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே எல்லா ஜோவாந்திட்டையும் ஒரே மாதிரி நடத்துங்கள்: கையுறை, கண்ணாடி கட்டாயம், கையில் காயம் இருந்தால் தொடாதீர்கள், கொதிநீரும் உலர்ந்த பாறையைச் சுரண்டுவதும் வேண்டவே வேண்டாம். தொட்டி வேலைக்குப் பின் காய்ச்சல், மூச்சுத்திணறல், வாயில் உலோகச் சுவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குப் போய், பவளத் தொட்டியில் வேலை செய்ததை மறக்காமல் சொல்லுங்கள்.

இவ்வளவையும் நினைவில் வைப்பது சிரமம் என்றால் ஒரு விதி போதும்: அளக்காத எதையும் ஊற்றாதீர்கள், ஊற்றினால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும். வாரம் ஒரு நாள் வெப்பம், உப்பு, காரத்தன்மை, நைட்ரேட், பாஸ்பேட் ஐந்தையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எண்கள் கச்சிதமாக அமைவதைவிட வாரத்துக்கு வாரம் ஆடாமல் நிற்பது முக்கியம். காரத்தன்மை 7.5இல் நிலைத்து நிற்கும் தொட்டியில், 9ஐப் பிடிக்கப்போய் 7க்கும் 10க்கும் அலையும் தொட்டியைவிடப் பவளம் நன்றாகவே இருக்கும். கடைக்குப் போகும்போதும் அந்த நோட்டையே எடுத்துப் போங்கள். அதைப் பார்க்காமலேயே ஒரு பாட்டிலை எடுத்து நீட்டும் கடைக்காரரிடம் எதையும் வாங்க வேண்டாம்.