ஒரே அடுப்பு, ஒரே சாப்பாடு

கேள்வி: ஏழு வயது மகளுக்கு சீலியாக் நோய், கோதுமை ஆகாது என்கிறார் டாக்டர். அவளுக்கு மட்டும் தனியாகச் சமைக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா, வீட்டுச் சாப்பாட்டையே மாற்றிவிடுங்கள். எல்லோரும் சப்பாத்தி சாப்பிட, குழந்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது கொடுமை. இட்லி, இடியாப்பம், கேழ்வரகு அடை எல்லாமே அவளுக்கு ஆகும். ரவை, மைதா, சேமியா, பார்லி கூடாது. பலர் கவனிக்காதது பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு அல்லது மைதா இருக்கும். டப்பாவின் பின்பக்கம் படித்துப் பாருங்கள். பெருங்காயம் இல்லாவிட்டாலும், சாம்பாருக்குப் பூண்டு தட்டிப்போட்டுத் தாளித்தாலே மணக்கும். கோதுமை அரைத்த மில்லில் கேழ்வரகை அரைத்தால் அந்த மாவும் ஒட்டிக்கொண்டு வரும். மிக்சியில் அரையுங்கள். பிறந்தநாள் கேக் பற்றி வகுப்பு டீச்சரிடமும் இப்போதே சொல்லிவையுங்கள்.